மூட்டு நோவுக்குக் குடிக்கும் குளிசைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் நோ, நாரி நோ, விரல் மூட்டு வீக்கம் என்று வன்னியில் எந்த ஊர்ப் பாமசிக்குப் போனாலும் பெரும்பாலும் கையில் கிடைப்பது டைக்லோபெனாக் அல்லது இபுபுரோபன். இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றையும் பாதிக்கக்கூடியவை. உங்கள் வைத்தியர் உங்கள் உடல்நிலை பார்த்து வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பனடோலும் நோக்குளிசைதானே? டைக்லோபெனாக்குக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பனடோலில் இருப்பது பரசிற்றமோல். அது நோவையும் காய்ச்சலையும் குறைக்கும். மூட்டு வீக்கத்தை அவ்வளவாகக் குறைக்காது. வீக்கத்தைக் குறைப்பவை வேறு குடும்பம்: டைக்லோபெனாக், இபுபுரோபன், நப்ரொக்சன், மெபனமிக் அசிட், இன்டோமெதசின், மெலொக்சிகாம், செலிகொக்சிப், எற்றோரிகொக்சிப். இனி நோக்குளிசை, அழற்சிக் குளிசை என்று நாங்கள் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான்.

அழற்சி கொண்ட மூட்டில் புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. நோவு, வீக்கம், சூடு எல்லாம் அதனால் வருபவை. இந்தக் குளிசைகள் அதை உண்டாக்கும் நொதியத்தை மறிக்கின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாயை விரித்து வைப்பதும் அதே புரொஸ்ரகிளாண்டின்தான். குளிசைக்கு மூட்டு எது, வயிறு எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் மறிக்கும். இனிச் சொல்லப்போகும் ஆபத்துகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே வருகின்றன.

எந்த மூட்டு நோவானாலும் இதே குளிசை போதுமா?

போதாது. நோவு குறையலாம், ஆனால் வருத்தம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

வயதோடும் வேலையோடும் வரும் மூட்டுத் தேய்வில் காலையில் மூட்டு இறுகியிருப்பது பெரும்பாலும் அரை மணிக்குள் தளரும். வேலை செய்யச் செய்ய, பின்நேரம் ஆக ஆக நோவு கூடும். இதற்குக் குளிசை இடைக்கிடை உதவும் துணை மட்டுமே.

இரண்டு கை விரல்களின் சிறு மூட்டுகளும் ஒரே மாதிரி வீங்கி, காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கை மடிக்க முடியாமல் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். இங்கே நோக்குளிசை மட்டும் குடித்து மாதங்களைக் கடத்துவது பெரிய இழப்பு. மூட்டு அரிபடுவதை மறிக்க மெத்தோட்ரெக்சேற் போன்ற மருந்து வேண்டும், அதுவும் வேளைக்கே தொடங்கவேண்டும். மெத்தோட்ரெக்சேற் கிழமைக்கு ஒரு முறை மட்டும் குடிக்கும் மருந்து. நாளாந்தம் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கிழமையில் எந்த நாள் என்பதைக் கிளினிக் கொப்பியில் பெரிதாக எழுதி வையுங்கள். அதோடு நோக்குளிசையும் குடிப்பவர்கள் இரத்தப் பரிசோதனைத் திகதியைத் தவறவிடக்கூடாது.

இரவோடு இரவாகக் கால் பெருவிரல் மூட்டு சிவந்து, சீலை பட்டாலே தாங்கமுடியாமல் நொந்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட். வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றும் நல்ல நிலையில் உள்ளவருக்கு அழற்சிக் குளிசையை வேளைக்குத் தொடங்கி, நோ தணிந்து ஓரிரு நாள் வரை தொடரக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு வைத்தியர் கொல்கிசின் போன்ற வேறு மருந்தைத் தெரிவு செய்வார்.

ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கி, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் குளிசையைத் தேடவேண்டாம். மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

போர்க்காலத்தில் காலில் காயம். இப்போது அந்த முழங்கால் நொந்தபடி. நாளும் குளிசை குடிக்கலாமா?

மூட்டுக்கூடாக முறிந்த எலும்பு பொருந்தியபின்னும் அந்த மூட்டு மற்றவர்களைவிட இளவயதிலேயே தேயும். செயற்கைக்கால் போடுபவர்களுக்கு மற்றக் கால் முழங்காலும் நாரியும் கூடுதல் பாரம் சுமப்பதால் நோகும். முப்பது, நாற்பது வயதில் தொடங்கும் நோவுக்கு வாழ்நாள் முழுக்க டைக்லோபெனாக் என்பது சரிவராது. குளிசையை நோ மிஞ்சும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கால் உயரம் குறைந்தோ, கிண்ணப் பகுதி தளர்ந்தோ போயிருந்தால் அதைத் திருத்துவதே முதல் மருந்து. அதைச் செய்யாமல் எத்தனை குளிசை குடித்தாலும் நாரி நோ திரும்ப வரும். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பப்பட்டால் முன்கூட்டியே அதைச் சொல்லவேண்டும்.

எவ்வளவு குடிக்கலாம்?

வேறு வருத்தம் இல்லாத வளர்ந்தவருக்கு:

- இபுபுரோபன்: 200 முதல் 400 மி.கி., நாளுக்கு மூன்று தரம். வைத்தியரின் துண்டு இல்லாமல் நாளுக்கு 1200 மி.கி.ஐத் தாண்டவேண்டாம்.
- டைக்லோபெனாக்: 50 மி.கி., நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தரம். மேல் எல்லை 150 மி.கி.
- நப்ரொக்சன்: 250 முதல் 500 மி.கி., நாளுக்கு இரண்டு தரம். மேல் எல்லை 1000 மி.கி.
- செலிகொக்சிப்: நாளுக்கு 200 மி.கி.; வைத்தியர் சொன்னால் 400 வரை.

மேல் எல்லை என்பது இலக்கு அல்ல. 65 வயதைக் கடந்தவர்கள் வைத்தியர் சொல்லித்தான், அதுவும் ஆகக் குறைந்த அளவில் தொடங்கவேண்டும். இன்டோமெதசின் முதியவர்களுக்குத் தலைச்சுற்றும் மனத்தடுமாற்றமும் தரும், அவர்களுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

நோ ஒரு மணித்தியாலம் அளவில் குறையத் தொடங்கும். வீக்கம் இறங்க ஒரு கிழமை, சிலருக்கு மூன்று கிழமை வரை செல்லும். இது தெரியாமல் இரண்டாம் நாளே "கேட்கவில்லை" என்று வேறொன்றை அதன்மேல் சேர்ப்பதுதான் பிழை நடக்கும் இடம். இந்தக் குடும்பத்தில் இரண்டு குளிசைகளை ஒரே நேரத்தில் ஒருபோதும் குடிக்கக்கூடாது. அதனால் நோவு மேலும் குறையாது. புண்ணும் இரத்தக்கசிவும் கூடும். போதவில்லை என்றால் பரசிற்றமோலைச் சேர்க்கலாம்: 500 மி.கி. குளிசை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், ஈரல் பாதிப்பு உள்ளவர்கள், நாளாந்தம் மது குடிப்பவர்கள் இதிலும் குறைக்கவேண்டும். தடிமன் குளிசைகளிலும் பரசிற்றமோல் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வைத்தியரின் துண்டு இல்லாமல் வாங்கிக் குடிப்பதென்றால் ஒரு கிழமை மட்டும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பாமசியில் பெயர் எழுதாத கடதாசிப் பையில் நாலு நிறக் குளிசை தருகிறார்கள். குடிக்கலாமா?

பெயர் தெரியாததைக் குடிக்கவேண்டாம். அந்தப் பையில் டைக்லோபெனாக் இருக்கலாம். கிளினிக்கில் தந்த குளிசையிலும் அதே டைக்லோபெனாக் இருக்கலாம். வீட்டில் வோல்ரரன் என்ற பெயரில் மகன் வாங்கி வைத்ததும் டைக்லோபெனாக்தான். மூன்று பெயர், மூன்று நிறம், ஒரே மருந்து. ஒரு நாளில் மூன்றும் வயிற்றுக்குள் போய்விடும். புரூபன் என்றால் இபுபுரோபன், பொன்ஸ்ரான் என்றால் மெபனமிக் அசிட். இவையும் அதே குடும்பம்.

"ஒவ்வொரு குளிசையின் பெயரையும் மில்லிகிராமையும் பையில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை, கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளினிக் கொப்பியைப் பாமசிக்கும் கொண்டு போங்கள். பிறசருக்கு என்ன குடிக்கிறீர்கள் என்று தெரியாமல் யாராலும் பாதுகாப்பான நோக்குளிசை தரமுடியாது.

பூசும் ஜெல் உண்மையில் வேலை செய்யுமா?

முழங்கால், கை விரல் மூட்டுகளுக்கு நன்றாக வேலை செய்யும். வைத்தியர் இடங்கொடுத்தால், குளிசைக்கு முன் இதைத்தான் பாவித்துப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. டைக்லோபெனாக் ஜெல் பூசும்போது இரத்தத்தில் கலப்பது குளிசையில் கலப்பதில் மிகச் சிறு பங்கு; வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து அந்தளவுக்குக் குறைவு. நாரி, இடுப்பு மூட்டுக்கு இது அவ்வளவு சரிவராது. அங்கே மூட்டு ஆழத்தில் இருக்கிறது.

பலர் "பூசினேன், கேட்கவில்லை" என்பதற்குக் காரணம் அளவு. கடலை அளவு எடுத்துத் தேய்த்தால் போதாது. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம். ஒரு முழங்காலுக்கு ஒரு தரத்துக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும், அதாவது நாலு முதல் எட்டு விரல்நுனி. நாளுக்கு மூன்று, நாலு தரம், முழங்காலைச் சுற்றி எல்லாப் பக்கமும். பூசியபின் கையைக் கழுவுங்கள் (கைவிரல் மூட்டுக்குப் பூசினால் சற்று நேரம் விட்டுக் கழுவலாம்). புண்பட்ட தோலில் பூசவேண்டாம், மேலே இறுக்கிக் கட்டவோ சூட்டு ஒத்தடம் வைக்கவோ வேண்டாம், பூசிய இடத்தில் நேரே வெயில் படவிடவேண்டாம். இரண்டு கிழமை ஒழுங்காகப் பூசிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

சாப்பிட்டபின் குடித்தால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாதுதானே?

சாப்பாடு எரிவைக் குறைக்கும். புண் வருவதை மறிக்காது. ஏனென்றால் புண்ணுக்கு முக்கிய காரணம் குளிசை வயிற்றில் உரசுவது அல்ல, இரத்தத்தில் கலந்தபின் இரைப்பையின் காவலைக் குறைப்பது. ஊசியாகப் போட்டாலும், மலவாசலில் வைக்கும் மருந்தாக வைத்தாலும் இதே கதைதான். "ஊசி போட்டேன், வயிற்றுக்குப் பயமில்லை" என்பது பிழை.

ஆனாலும் விடிய வெறும் தேத்தண்ணியோடு குளிசையைப் போட்டுவிட்டு வயலுக்குப் போகவேண்டாம். சாப்பிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரோடு குடித்து, பத்து நிமிடமாவது படுக்காமல் இருங்கள். டைக்லோபெனாக் குளிசையின் மேற்பூச்சு அது குடலில் போய்க் கரையவேண்டும் என்பதற்காக. அதை உடைக்கவோ நசிக்கவோ கூடாது.

65 வயதைக் கடந்தவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், இரத்தம் உறைவதைக் குறைக்கும் அஸ்பிரின், குளொப்பிடோகிரல், வோபரின் அல்லது ஸ்டீரொயிட்டான பிரட்னிசலோன் குடிப்பவர்கள் நோக்குளிசையைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது. வைத்தியர் தேவை என்று கண்டால் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் 20 மி.கி.ஐச் சேர்த்துத் தருவார். அதைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் குடிக்கவேண்டும். நோக்குளிசையோடு சேர்த்து விழுங்கும் பழக்கம் அதன் பலனைக் குறைக்கிறது. வோபரின் குடிப்பவருக்கு இந்தக் குடும்பமே வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் பதில்.

பிறசருக்கும் சீனி வருத்தத்துக்கும் குளிசை குடிக்கிறேன். என்ன கவனம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

அழற்சிக் குளிசைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி பிறசரை ஏற்றும். "குளிசை ஒழுங்காகக் குடித்தும் பிறசர் இறங்கவில்லை" என்பவர்களிடம் கேட்டால் நோக்குளிசை வெளிவரும். பிறசர் 140/90க்கு மேல் கட்டுப்படாமல் நிற்பவர் எற்றோரிகொக்சிப் குடிக்கக்கூடாது.

அதைவிடப் பெரியது சிறுநீரகம். லொசாட்டன், எனலப்ரில், கப்ரோப்ரில் போன்ற பிறசர்க் குளிசைகள் சிறுநீரக வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். சலம் போக்கும் குளிசைகளான புரூசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட் உடலின் நீரைக் குறைக்கும். இவற்றோடு டைக்லோபெனாக் சேரும்போது உள்ளே வரும் குழாயும் சுருங்குகிறது. வடிகட்டியில் அழுத்தமே இல்லாமல் போய், சில நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கலாம். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து மிகக் கூட. இரண்டு சேர்ந்தாலும் கவனம் வேண்டும். இந்தக் குளிசைகளில் ஒன்றைக் குடிப்பவர் வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளுக்குக்கூட டைக்லோபெனாக் வாங்கக்கூடாது. வைத்தியர் எழுதினால் கிரியற்றினின் பரிசோதனை (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) முன்பும், தொடங்கி ஓரிரு கிழமையிலும் செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

எங்கள் பக்கம் கிட்னி வருத்தம் கூட. நோக்குளிசைதான் காரணமா?

1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட, காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் இருக்கிறது. நோக்குளிசைதான் அதை உண்டாக்கியது என்று சொல்லமுடியாது. ஆனால் ஏற்கெனவே பழுதடைந்த சிறுநீரகத்தை அது விரைவாகக் கீழே தள்ளும். அந்த நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. நாரி நோ என்று நினைத்துக் குளிசை குடிப்பவருக்குத் தன் சிறுநீரகம் அரைவாசி போனது தெரியாமலே இருக்கலாம். அதனால் இந்தப் பகுதிகளில் இருப்பவர்கள், குறிப்பாக வயல் வேலை செய்பவர்கள், நீண்ட நாள் நோக்குளிசை தொடங்குமுன் கிரியற்றினினும் சல அல்புமினும் (சலத்தில் புரதம் கசிகிறதா என்ற பரிசோதனை) பார்ப்பது கட்டாயம். வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஈ-ஜி-எஃப்-ஆர் எண் 30க்குக் கீழ் என்றால் இந்தக் குளிசைகள் வேண்டாம். 30க்கும் 60க்கும் இடையில் என்றால் வைத்தியர் பார்வையில், சில நாட்களுக்கு மட்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில், சிறுபோக அறுவடை வெயிலில், தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க நிற்கும்போது காலையில் போட்ட குளிசையே பிரச்சினை ஆகலாம். சலம் கடும் மஞ்சளாகவோ குறைவாகவோ போனால் அடுத்த குளிசையை விடுங்கள். சத்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் வந்த நாளிலும் நிறுத்துங்கள்.

காய்ச்சலோடு உடம்பு முறிக்கும்போது?

பரசிற்றமோல் மட்டும். மாரி மழையோடு டெங்கு வரும். மூட்டும் தசையும் நோகும். டெங்குவில் டைக்லோபெனாக், இபுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் இரத்தப்போக்கைத் தூண்டி உயிரை எடுக்கக்கூடும். பிள்ளைகளுக்கு மலவாசலில் வைக்கும் டைக்லோபெனாக்கும் இதில் அடங்கும். வயலில் நின்றவருக்கு எலிக்காய்ச்சலும் இருக்கலாம், அது நேரே சிறுநீரகத்தைத் தாக்குவது. சிக்கன்குன்யா என்று சந்தேகித்தாலும் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை இதே விதி.

பாம்பு கடித்த நோவுக்கும் இந்தக் குளிசைகள் கூடாது. கண்ணாடி விரியன் நஞ்சு இரத்தம் உறைவதைக் குலைத்து, சிறுநீரகத்தையும் தாக்கும்.

இதய வருத்தம் உள்ளவர்?

மாரடைப்பு, பாரிசவாதம், இதயம் பலவீனமடைதல், கால் இரத்தக்குழாய் அடைப்பு இவற்றில் ஒன்று வந்தவருக்கு டைக்லோபெனாக், செலிகொக்சிப், எற்றோரிகொக்சிப் கூடாது. செலிகொக்சிப் வகையைச் சேர்ந்த ரொபெகொக்சிப் மாரடைப்பைக் கூட்டியதால் 2004 இல் உலகெங்கும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது.

அஸ்பிரின் 75 மி.கி. குடிப்பவருக்கு இன்னொரு சிக்கல்: இபுபுரோபன் முன்னே போனால் அஸ்பிரின் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும். வைத்தியர் இரண்டையும் எழுதியிருந்தால், எந்த நேர இடைவெளியில் குடிப்பது என்று கட்டாயம் கேளுங்கள்.

தொய்வு உள்ளவர்?

சிலருக்கு ஒரே குளிசையில் கடும் முட்டு வரும். முன்பு அப்படி வந்திருந்தாலோ, மூக்குக்குள் தசை வளர்ந்திருந்தாலோ தொடவேண்டாம்.

பிள்ளைத்தாய்ச்சி குடிக்கலாமா?

20 கிழமைக்குப் பின் கூடாது. சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பன்னீரைக் குறைக்கும். கடைசி மூன்று மாதத்தில் சிசுவின் இதயத்தருகே திறந்திருக்கவேண்டிய குழாயை மூடவைக்கும். அதற்கு முன்பும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

பின்நேரம் கள்ளு, சாராயம் குடிப்பவர்?

குளிசை குடிக்கும் நாளில் மது வேண்டாம். வயிற்றில் இரத்தக்கசிவு வரும் வாய்ப்பை இரண்டும் சேர்ந்து கூட்டும். மது கவுட்டையும் கிளப்பும்.

ஊர் ஊராக விற்கும் வாதத்தூளில் இரண்டே நாளில் சுகம் வருகிறதே?

அவ்வளவு விரைவான சுகம்தான் சந்தேகத்துக்கு இடம். பெயர்ச்சீட்டு இல்லாத தூள்களிலும் உருண்டைகளிலும் ஸ்டீரொயிட்டும் டைக்லோபெனாக்கும் கலக்கப்படுவது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. பசி கூடி, முகம் ஊதி, சீனி ஏறினால் உள்ளே ஸ்டீரொயிட் இருக்கலாம். மாதக்கணக்கில் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. தூளையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் மருந்து எடுப்பவர்கள் அதையும் கிளினிக்கில் சொல்லவேண்டும்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்?

தார் போலக் கறுத்து, ஒட்டி, கெட்ட நாற்றத்தோடு மலம் போனால். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டாது. சத்தியில் இரத்தமோ கோப்பித்தூள் போன்ற கறுப்போ வந்தால். நெஞ்சு நோ, மூச்சுவாங்கல், ஒரு பக்கம் கைகால் விளங்காமை. கால், முகம் வீங்கிச் சலம் குறைதல். தோல் கொப்பளித்தல், வாய் புண்ணாதல். வயிற்றுப் புண் எந்த எரிவும் காட்டாமல் இரத்தக்கசிவாகவே முதலில் வெளிவரலாம், முக்கியமாக முதியவர்களில்.

துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற இடங்களிலிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலை தூரம். விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். குடித்த எல்லாக் குளிசைகளின் மட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

குளிசையைக் குறைக்க வேறு என்ன செய்யலாம்?

தொடைத் தசையைப் பலப்படுத்துவது முழங்கால் தேய்வுக்கு மிகப் பயனுள்ள வைத்தியம். கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தரம், நாளுக்கு இரண்டு வேளை. முதல் கிழமை சற்று நோகும், அதற்காக விடவேண்டாம். உடல் நிறை கூடியவர் சில கிலோ குறைத்தாலே முழங்கால் அதை உணரும். ஊன்றுகோலை நோகும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கவேண்டும். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வரவேண்டும். குந்தியிருந்து களை பிடுங்குபவர்கள் சிறு பலகைக் கட்டை ஒன்றில் இருந்து செய்யலாம். குந்து மலசலகூடத்துக்கு மேல் வைக்கும் கொமட் கதிரை முதியவர்களுக்குப் பெரும் ஆறுதல்.

குளிசையை எங்கே வைப்பது?

தகரக் கூரைக்குக் கீழ் வெக்கை ஏறும் அலுமாரித் தட்டில் வேண்டாம். நிலத்தை அண்டிய, ஈரமில்லாத, நிழலான, பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டுப் பெட்டி நல்லது. மலவாசலில் வைக்கும் மருந்து வெக்கையில் உருகிவிடும். மட்டையிலிருந்து கழற்றிப் போத்தலில் கொட்டி வைக்கவேண்டாம். பெயரும் காலாவதித் திகதியும் மட்டையில்தான் இருக்கின்றன. மிஞ்சிய குளிசையை அயலவருக்குக் கொடுக்கவும் வேண்டாம், அவர் பிறசருக்கு என்ன குடிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.